நாயிடம் நன்றியை எதிர்பார்க்காதீர்கள்

தொடக்கப்பள்ளியில் நாயைப் பற்றி ஒரு கட்டுரையாவது எழுதாதவர்கள் நம்மில் குறைவு. ‘நாய் நன்றியுள்ள பிராணி. அது வீட்டைக் காவல் காக்கும். எசமானரைக் கண்டால் வாலை ஆட்டும்.’ இந்த மூன்று வரிகளை எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையில் ஒரு ‘சரி’ போடுவார். உயர்நிலை வகுப்புக்குப் போனபிறகும் முதல் வரி மாறாது. அடைமொழிகள் மட்டும் கூடும். (அதே மொழியில் யாரையாவது திட்டவேண்டும் என்றால் முதலில் நாவில் வருவதும் இதே பிராணியின் பெயர்தான். அது வேறொரு கட்டுரைக்கான விஷயம்.)

அந்த முதல் வரியோடுதான் எனக்குச் சண்டை.

கடந்த இரண்டரை ஆண்டுகளில் எங்கள் வீட்டில் ஆறு நாய்கள் தங்கிச் சென்றிருக்கின்றன. ஒன்றும் எங்களுடையது அல்ல. காட்டுப் பகுதியிலிருந்தோ கட்டுமானத் தளத்திலிருந்தோ தொழிற்பேட்டையிலிருந்தோ மீட்கப்பட்டு, நிரந்தரமான ஒரு வீடு கிடைக்கும்வரை எங்களிடம் ஒப்படைக்கப்பட்டவை. ‘ஃபாஸ்டர்’ என்பார்கள். தமிழில் தற்காலிகப் பராமரிப்பு என்று சொல்லலாம். அந்த ஆறில் ஒன்றுகூட வந்த அன்று வாலை ஆட்டவில்லை. ஒன்று சலவை இயந்திரத்துக்குப் பின்னால் நான்கு நாள் ஒளிந்திருந்தது. இன்னொன்று அப்பாவின் குரல் கேட்டாலே நின்ற இடத்தில் சிறுநீர் கழித்தது. அப்பா யாரையும் அதட்டிக்கூடப் பேசாதவர். அவருக்கு அது பெரிய வருத்தமாகப் போய்விட்டது.

மீட்புக் குழுக்களில் தொண்டூழியம் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சு உண்டு. தத்தெடுத்த இரண்டாவது வாரமே நாயைத் திருப்பிக் கொண்டுவருபவர்கள் சொல்வது அது: “எங்களிடம் ஒட்டவே மாட்டேன் என்கிறது. இவ்வளவு செய்தும் கொஞ்சம்கூடப் பாசம் இல்லை.” கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பள்ளிக் கட்டுரைதான் நினைவுக்கு வரும். நன்றி காட்டுவதுதான் நாயின் இயல்பு என்று நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் நன்றி காட்டாத நாயை ஏதோ குறையுள்ள நாய் என்று எண்ணிவிடுகிறோம்.

அது எங்கிருந்து வருகிறது என்பதை ஒருமுறை பார்த்தால் அப்படி எண்ணத் தோன்றாது.

சிங்கப்பூரில் தெருநாய்கள் இருக்கின்றன என்றாலே என் பல்கலைக்கழக நண்பர்கள் சிலர் வியப்படைகிறார்கள். பள்ளி, துணைப்பாட நிலையம், எம்ஆர்டி, கடைத்தொகுதி என்று சுற்றும் நம் கண்ணில் அவை படுவதே இல்லை. துவாஸ், லிம் சூ காங், சுங்கை காடுட் போன்ற இடங்களுக்குப் போய்ப் பாருங்கள். தொழிற்சாலைகளின் பின்புறம், பண்ணை ஓரங்கள், இன்னும் வெட்டப்படாத காடுகள், இவைதான் அவற்றின் ஊர். 2018 நவம்பரில் நாடு தழுவிய தெருநாய்த் திட்டம் தொடங்கியபோது தீவு முழுவதும் ஏறக்குறைய 7,000 தெருநாய்கள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. அதற்கு முன்பு பிடிபட்ட நாய்களில் பல கருணைக்கொலை செய்யப்பட்டன. இப்போது பிடித்து, கருத்தடை செய்து, வெறிநாய்க்கடி நோய்க்கு எதிராகத் தடுப்பூசி போட்டு, மைக்ரோசிப் பொருத்தி, முடிந்தால் தத்துக் கொடுக்கிறார்கள். முடியாதவற்றைப் பொருத்தமான இடத்தில் திரும்ப விடுகிறார்கள். ஐந்து ஆண்டுகளில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட தெருநாய்களுக்குக் கருத்தடை செய்வது அப்போது வைத்த இலக்கு. தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் உள்ள விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவும் விலங்குநல அமைப்புகளும் சேர்ந்து நடத்தும் வேலை இது.

இந்த நாய்களை நம் ஊரில் ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ என்று செல்லமாக அழைப்பார்கள். ஏதோ காப்பிக்கடை உணவுப் பட்டியலில் இருக்கும் பெயர்போல இருந்தாலும் எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். தலைமுறை தலைமுறையாகக் கலந்து பிறந்த நாட்டு நாய் அது. நீண்ட கால்கள், ஒட்டிய வயிறு, கூர்ந்து நிற்கும் காதுகள், பெரும்பாலும் பழுப்பு அல்லது கறுப்பு நிறம். இந்த வெயிலுக்கும் மழைக்கும் அதற்குத் தனிப் பராமரிப்பு எதுவும் தேவையில்லை.

இந்த நாய்கள் இன்றுவரை உயிரோடு இருப்பதற்கு ஒரு காரணத்தை நாம் பேசுவதே இல்லை: வெளிநாட்டு ஊழியர்கள். புதிய வேலைத்தளம் ஒன்று தொடங்கும்போது காவலுக்காகவோ தானாகவோ நாய்கள் வந்து சேரும். தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்த அண்ணன்மார்கள் தங்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தில் மிச்சம் வைத்து அவற்றுக்குப் போடுவார்கள். ஊரில் விட்டுவந்த வீட்டையும் குழந்தையையும் அந்த நாயின் முகத்தில் அவர்கள் பார்க்கிறார்களோ என்னவோ. இரண்டு, மூன்று ஆண்டுகளில் கட்டடம் எழும்பிவிடும். ஊழியர்களை வேறு தளத்துக்கு அனுப்பிவிடுவார்கள். தகரவேலி அகற்றப்படும். நாய் மட்டும் அங்கேயே நிற்கும், அடுத்த நாள் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் காத்துக்கொண்டு.

எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாவது நாய் அப்படி நின்றுகொண்டிருந்த ஒன்றுதான்.

மீட்புக் குழு அவளுக்கு வைத்த பெயர் ஹேசல். பாட்டிக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. நிறத்தைப் பார்த்து ‘செவலை’ என்று கூப்பிட்டார். அதுவே நிலைத்துவிட்டது. பாட்டி செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவர். அந்தக் காலத்தில் நாய்கள் வாசலில் கிடக்கும். படியைத் தாண்டி உள்ளே வராது. “சமையலறைக்குள்ளே நாயா? சாமி அறை பக்கத்திலே நாயா?” என்பதுதான் முதல் இரண்டு நாய்களின்போது எங்கள் வீட்டில் நடந்த போர். (தாத்தா எப்போதோ வாங்கிப்போட்ட பழைய தரைவீடு எங்களுடையது. இடம் இருந்ததால்தான் இந்தப் பேச்சே எழுந்தது. அந்த வசதி எல்லாருக்கும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வருகிறேன்.) கடைசியில் பாட்டி ஒரு உடன்படிக்கைக்கு வந்தார்: வரவேற்பறை நாய்க்கு, சமையலறை அவருக்கு. நடுவில் குழந்தைகளுக்கு மாட்டும் தடுப்புக் கதவு.

செவலை வந்தபோது அவளுக்கு மூன்று வயதிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். உணவுக் கிண்ணத்தை வைத்துவிட்டு நாங்கள் எல்லாரும் மாடிக்குப் போனால்தான் சாப்பிடுவாள். மின்விசிறி சுற்றினால் நடுங்குவாள். வெட்டவெளியில் வாழ்ந்தவளுக்குத் தலைக்குமேல் ஏதோ ஒன்று சுற்றுவது புதிது. மார்ச் மாத வெக்கையில் மூன்று வாரம் விசிறி இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். தம்பி மட்டும் இதைப் பற்றி இன்றும் புகார் சொல்வான்.

குழுவில் சொல்லிக்கொடுத்தபடி நான் அவளிடம் ஆங்கிலத்தில்தான் பேசினேன். ‘சிட்’, ‘கம்’, ‘குட் கேர்ள்’. எதற்கும் அசையவில்லை. ஒரு மாலை பாட்டி தடுப்புக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “என்னடி, சாப்பிட்டியா?” என்று கேட்டார். படுத்திருந்தவள் தலையைத் தூக்கினாள். காதுகள் இரண்டும் முன்னால் வந்தன. பாட்டி மறுபடியும், “வா, வா, சாப்பாடு” என்றார். எழுந்து நான்கு அடி நடந்து வந்து நின்றாள்.

துவாஸில் யாரோ ஒரு அண்ணன் அவளைத் தினமும் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார். அவர் யார், இப்போது எந்தத் தளத்தில் இருக்கிறார், ஊருக்கே போய்விட்டாரா என்று எங்களுக்குத் தெரியாது. அவளுக்கு மனிதர்களே வேண்டாம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் அவளுக்கு ஏற்கெனவே ஒரு மனிதர் இருந்தார். அவர் வராமல் போய்விட்டார். அவ்வளவுதான்.

இதனால்தான் நன்றியைப் பற்றிய பேச்சு எனக்கு எரிச்சலூட்டுகிறது. நம் பார்வையில் நாம் அந்த நாயைக் காப்பாற்றியிருக்கிறோம். நாயின் பார்வையில் என்ன நடந்திருக்கிறது? தெரிந்த இடத்திலிருந்து பிடித்து, கூண்டில் போட்டு, மயக்கமருந்து கொடுத்து, அறுவை செய்து, இதுவரை கேட்டிராத ஓசைகள் நிறைந்த ஒரு பெட்டிக்குள் அடைத்திருக்கிறோம். அதற்கு நன்றியும் வேண்டுமாம்.

நாய்க்குட்டிகள் உலகத்தைப் பழகிக்கொள்ளும் பருவம் ஏறக்குறைய மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பதினான்காவது வாரத்துக்குள் முடிந்துவிடும். அந்த வாரங்களில் மின்தூக்கி, குடை, தள்ளுவண்டி, குழந்தை அழும் சத்தம் எல்லாம் பார்த்த குட்டி பிற்பாடு அவற்றுக்கு அஞ்சாது. காட்டில் பிறந்த குட்டி அந்த வாரங்களைத் தாயோடு ஒரு கால்வாய்க்குள் கழித்திருக்கும். அதன்பிறகு பழகவே முடியாது என்பதில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக, மெதுவாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். மீட்புக் குழுக்கள் ‘மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்’ என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: மூன்று நாளில் பயம் கொஞ்சம் தணியும், மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் இது தன் வீடு என்று தோன்றும். இது அறிவியல் விதி அல்ல, அனுபவக் கணக்கு. இரண்டாம் வாரத்தில் திருப்பிக் கொடுப்பவர்கள், பாதிப் படத்தில் எழுந்து போய்விட்டுக் கதை சரியில்லை என்பவர்களைப் போன்றவர்கள்.

செவலைக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. இரத்தப் பரிசோதனையில் இதயப்புழு இருப்பது தெரிந்தது. கொசுக்கடியால் பரவும் நோய் அது. டெங்கிக்கு அஞ்சும் நாம் நம் கொசுக்கள் நாய்களை என்ன செய்கின்றன என்று யோசிப்பதில்லை. கொசு உள்ளே விட்ட நுண்ணிய புழு ஏறக்குறைய ஆறு மாதத்தில் வளர்ந்து, இதயத்திலும் நுரையீரல் இரத்தக் குழாய்களிலும் தங்கிவிடும். ஐந்து ஆண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும். மாதந்தோறும் தடுப்பு மருந்து கொடுத்தால் வரவே வராது. வந்தபிறகு சிகிச்சை நீண்டது. முதலில் ஒரு மாதம் மாத்திரை. பிறகு முதுகுத் தசையில் ஆழமாக ஓர் ஊசி. ஒரு மாதம் கழித்து, அடுத்தடுத்த நாளில் இன்னும் இரண்டு.

ஊசிகூடப் பரவாயில்லை. அதன்பிறகு சொன்னதுதான் கடினம்: ஓடவிடக் கூடாது, குதிக்கவிடக் கூடாது, படியேறவிடக் கூடாது. சாகும் புழுக்கள் துண்டு துண்டாகி இரத்தக் குழாயை அடைத்துவிடலாம். இதயத்துடிப்பு ஏறினால் ஆபத்து இன்னும் அதிகம். அந்த வாரங்களில்தான் செவலைக்கு எங்கள்மேல் நம்பிக்கை பிறந்தது. முதன்முறையாக என்னைப் பார்த்து முன்னங்கால்களைத் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கி, ‘விளையாட வா’ என்று கூப்பிட்டாள். ஐந்து மாதம் காத்திருந்து கிடைத்த அழைப்பு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அறையைவிட்டு வெளியே போகவேண்டியிருந்தது. ஜூலை மாதச் சனிக்கிழமைகளில் தேசிய தின அணிவகுப்பு ஒத்திகைக்காகப் போர்விமானங்கள் பறக்கும்போது, இதயம் படபடக்கக்கூடாத அந்த நாயை மடியில் வைத்துக்கொண்டு பாட்டி சமையலறைத் தரையில் உட்கார்ந்திருப்பார். ஆமாம், சமையலறையில். உடன்படிக்கை எப்போது முறிந்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

இரண்டு சென்டிமீட்டர்

சிகிச்சை முடிந்தது. இனி அவளுக்கு வீடு தேடவேண்டும். இங்கேதான் நம் நாட்டுக்கே உரிய சிக்கல் வருகிறது.

சிங்கப்பூரில் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் வீவக அடுக்குமாடிகளில் வசிக்கிறோம். அங்கே ஒரு வீட்டில் ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் அனுமதிக்கப்பட்ட 62 இனங்களில் ஒன்றாக இருக்கவேண்டும்: சிவாவா, பொமரேனியன், மால்டீஸ் போன்ற சிறிய வகைகள். நம் நாட்டு நாய் அந்தப் பட்டியலில் இல்லை. 2012ல் முன்னோடித் திட்டமாகத் தொடங்கி 2014ல் நிரந்தரமாக்கப்பட்ட ‘அடோர்’ திட்டம்தான் உள்ளூர்க் கலப்பின நாய்களுக்கு வீவக வீடுகளின் கதவைத் திறந்தது. கருத்தடை செய்திருக்க வேண்டும், மைக்ரோசிப் இருக்க வேண்டும், உரிமையாளர் நாயைக் கீழ்ப்படிதல் பயிற்சிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நியாயமான நிபந்தனைகள். உயரத்துக்கும் வரம்பு உண்டு. தொடக்கத்தில் 50 சென்டிமீட்டர். 2020ல் அதை 55 ஆக உயர்த்தினார்கள்.

தோள்வரை அளந்தபோது செவலையின் உயரம் 57.

அவளைப் பார்க்க வந்த ஒரு தம்பதியை மறக்க முடியவில்லை. பிள்ளைகள் வளர்ந்து தனியே போய்விட்டார்கள். நான்கறை வீடு. மூன்று வார இறுதிகள் தொடர்ந்து வந்தார்கள். முதல் நாள் தரையில் உட்கார்ந்து அவளைப் பார்க்காமலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். அஞ்சும் நாயிடம் அப்படித்தான் பழகவேண்டும் என்று யாரும் சொல்லாமலே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உயரத்தைச் சொன்னதும் அந்த மாமா அளவு நாடாவை வாங்கித் தானே ஒருமுறை அளந்து பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் நாடாவைச் சுருட்டி என்னிடம் கொடுத்தார்.

விதி இருக்கிறது, விதிப்படிதான் நடக்கவேண்டும். அதற்காக அவர்கள்மீதோ, விதியைக் காப்பவர்கள்மீதோ கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த விதியைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, அதைச் சொல்லத்தான் இந்தப் பக்கம். உயரம் என்பது நாயின் குணத்தைச் சொல்லும் அளவு அல்ல. மின்தூக்கியில் சத்தம் போடும், தாழ்வாரத்தில் நடப்பவரையெல்லாம் குரைக்கும் குட்டையான நாய்கள் எத்தனையோ உண்டு. நாளில் 18 மணி நேரம் தூங்கும், வாயே திறக்காத நெட்டை நாய்களும் உண்டு. ஏற்கெனவே பயிற்சி கட்டாயம் என்றிருக்கும்போது, அந்தப் பயிற்சியின் முடிவில் பயிற்றுநரும் மீட்புக் குழுவும் சேர்ந்து குணத்தை மதிப்பிட்டு, 55ஐத் தாண்டிய நாய்க்குத் தனி அனுமதி தரும் வழி ஒன்று இருக்கலாம். எல்லா நாய்க்கும் வேண்டாம், தகுதியான நாய்க்குப் போதும்.

மறுபக்கத்து நியாயத்தையும் நான் ஒதுக்கிவிடவில்லை. நாயைக் கண்டால் அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். சிறுவயதில் கடிபட்டவர்களிடம் ‘ஒன்றும் செய்யாது’ என்று சொல்வதைப் போன்ற பொறுப்பற்ற பேச்சு வேறில்லை. சமயக் காரணங்களால் நாயின் எச்சில் படக்கூடாது என்று நினைக்கும் அண்டைவீட்டார் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டு மக்சிக் தொழுகைக்குப் புறப்படும் நேரத்தில் நாயை வேலியோரம் விடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். விடுவதில்லை. அதே மக்சிக்தான் செவலைக்கு ஊசி போட்ட வாரம் முழுவதும் தினமும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, “இன்று சாப்பிட்டதா?” என்று விசாரித்தார். விதிகள் கல்வெட்டு அல்ல என்பதற்கும் அண்மைய சான்று உண்டு. பல்லாண்டு காலம் தடை செய்யப்பட்டிருந்த பூனைகளை 2024 செப்டம்பர் முதல் வீவக வீடுகளில் உரிமம் பெற்று வளர்க்கலாம்.

இப்போது குட்டிகளைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். ஏனென்றால், “எங்களுக்குக் குட்டியாக இருந்தால் கொடுங்கள்” என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள்.

எங்களுக்கு ஒருமுறை இரண்டு குட்டிகள் வந்தன. எட்டு வார வயது. வெள்ளையாக உருண்டு இருந்ததற்குத் தம்பி இட்லி என்று பெயர் வைத்தான். பக்கத்தில் வேறென்ன இருக்கும், சட்னி. மூன்றாவது நாள் இட்லி பால் குடிக்கவில்லை. மாலையில் வாந்தி. இரவில் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு. அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். பார்வோ என்னும் கிருமி. குடலின் உட்சுவரையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கும். தடுப்பூசிச் சுற்று முடியாத குட்டிகளுக்கு அதுதான் எமன். கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது. நரம்பு வழி நீரேற்றி, வாந்தியை அடக்கி, உடல் தானாகப் போராடும்வரை தாங்கிப் பிடிக்கலாம். மருந்தகத்திலிருந்து இரண்டாவது இரவு மூன்று மணிக்கு அழைப்பு வந்தது. அம்மாதான் எடுத்தார். தம்பிக்கு மறுநாள் கணிதத் தேர்வு. காலையில் தேர்வு முடிந்து வரும்வரை சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம். அவன் வீட்டுக்குள் வந்ததும் கேட்டது, “இட்லி சாப்பிட்டதா?”

சட்னி பிழைத்தது, இன்று பூன் லேயில் ஒரு குடும்பத்தில் நன்றாகக் கொழுத்து வாழ்கிறது. ஆனால் பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வீடு முழுவதையும் குளோரின் கலந்த நீரால் கழுவினோம். அதற்குப்பிறகு ஓராண்டுக்குக் குட்டிகளை எங்கள் வீட்டுக்கு அனுப்பவேண்டாம் என்று குழு தீர்மானித்தது. பெரிய நாய்கள் மட்டும்தான். அதனால்தான் செவலை வந்தாள் என்று பாட்டி ஒரு கணக்கு வைத்திருக்கிறார். நான் அப்படிக் கணக்குப் போடுவதில்லை.

விட்டுக்கொடுப்பது

தற்காலிகப் பராமரிப்பைப் பற்றிக் கேள்விப்படுபவர்கள் முதலில் கேட்பது, “இவ்வளவு பழகிவிட்டு எப்படிக் கொடுப்பீர்கள்? என்னால் முடியாதப்பா.” பாராட்டுபோலத் தோன்றினாலும் அந்தப் பேச்சில் ஓர் உறுத்தல் உண்டு. கொடுப்பவர்களுக்கு மனம் கல் என்பதுபோல. பராமரிக்க வாங்கிய நாயைக் கொடுக்க மனமில்லாமல் தாங்களே தத்தெடுத்துக்கொள்பவர்களை ‘ஃபாஸ்டர் ஃபெயில்’ என்று கேலியாக அழைப்பார்கள். அதில் தப்பில்லை, நாய்க்கு ஒரு வீடு கிடைத்துவிட்டது. ஆனால் தனியார் வீட்டில் மூன்று நாய்கள்தான் வைத்திருக்கலாம், எங்கள் வீட்டு வரவேற்பறையிலோ ஒன்றுக்குத்தான் இடம். செவலை எங்களோடு இருந்துவிட்டால் அவள் ஒருத்திக்கு வீடு. அவள் போனால் அந்த மூலை காலியாகும். காப்பகக் கூண்டில் இன்னொன்று காத்திருக்கிறது. நான் போட்ட கணக்கு இதுதான்.

எட்டாவது மாதம் கிழக்கு வட்டாரத்தில் கூட்டுரிமை வீட்டில் வசிக்கும் ஒரு குடும்பம் அவளைத் தத்தெடுத்தது. நல்லவர்கள். ஒப்படைக்கும் நாளில் பழைய போர்வையைத் துவைக்காமல் கூடவே கொடுத்தனுப்ப வேண்டும், நம் வாடை அதில் இருக்கும். என்ன சாப்பிடுவாள், எதற்கு அஞ்சுவாள், எந்தக் காதைச் சொறிந்தால் பிடிக்கும் என்று இரண்டு பக்கம் எழுதிக்கொடுத்தேன். அவர்கள் சீனக் குடும்பம். பட்டியலின் கடைசியில் மூன்று தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி, எப்படி உச்சரிப்பது என்று கைப்பேசியில் பாட்டியின் குரலைப் பதிவு செய்து அனுப்பினேன். அந்த வீட்டுப் பெரியவர் “சாப்பிட்டியா” என்று சொல்லும் காணொளி ஒன்று இரண்டு வாரம் கழித்து வந்தது. உச்சரிப்பு மோசம்தான். செவலை புரிந்துகொண்டாள்.

காணொளியைப் பார்த்துவிட்டுப் பாட்டி அன்று மாலை முழுவதும் யாரோடும் பேசவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு உங்களில் யாராவது நாய் வேண்டும் என்று கேட்டால், என் முதல் பதில் ‘பொறுங்கள்’ என்பதுதான். தேர்வு முடிந்த மகிழ்ச்சியில் கடையில் குட்டி வாங்காதீர்கள். உயர்நிலை மூன்றில் வாங்கிய குட்டி, நீங்கள் தேசிய சேவைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போய், பரிமாற்றத் திட்டத்தில் ஓர் அரையாண்டு வெளிநாட்டில் இருந்து, முதல் வேலையில் சேரும்போதும் உயிரோடுதான் இருக்கும். அத்தனை ஆண்டும் அதைக் குளிப்பாட்டி நடக்க அழைத்துப்போவது உங்கள் அம்மாவாக இருக்கும். வீட்டில் கேட்காமல் கொண்டுவந்து நிறுத்தி, பார்த்தால் மனம் மாறிவிடுவார்கள் என்று நம்புவது சினிமாவில் மட்டும்தான் பலிக்கும்.

தற்காலிகப் பராமரிப்பு மாணவர்களுக்கு ஓரளவு பொருந்திவரும் என்பது என் எண்ணம். மருத்துவச் செலவை வழக்கமாக மீட்புக் குழு ஏற்றுக்கொள்கிறது. எங்களுக்கு ஆகும் செலவு பெரும்பாலும் உணவுதான். பல்கலைக்கழகத்தில் மே முதல் ஆகஸ்ட்டுவரை விடுமுறை. ஒரு நாய் காப்பகத்திலிருந்து வெளியே வந்து மின்விசிறிக்கும் மின்தூக்கிக்கும் பழக அது போதுமான காலம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் எந்த நாயை வைத்துக்கொள்ளலாம் என்பதை முதலிலேயே குழுவிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்கும் சம்மதம் இல்லையென்றால் காப்பகத்துக்குப் போங்கள். பல காப்பகங்கள் சுங்கை தெங்காவில்தான் இருக்கின்றன. விலங்கு வதைத் தடுப்புச் சங்கமும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் சமூகச் சேவை நேரத்தை நிரப்ப ஒரே ஒரு சனிக்கிழமை போய், நாயோடு படம் எடுத்துவிட்டு வருவதற்காகப் போகாதீர்கள். அங்கே உள்ள நாய்களுக்கு வந்து வந்து காணாமல் போகிறவர்களைப் பற்றி ஏற்கெனவே நன்றாகத் தெரியும். மாதம் ஒருமுறை என்றாலும் அதே நபர், அதே நேரம் என்று வந்தால் போதும். கூண்டு கழுவக் கற்றுக்கொண்டு வாருங்கள். கூண்டு கழுவ ஆள் எப்போதும் தேவைப்படுகிறது.

எங்கள் வீட்டு மூலை இப்போது காலியாக இருக்கிறது. வரும் சனிக்கிழமை அடுத்தது வருகிறதாம். ஆண் நாய், பத்து வயது, கட்டுமானத் தளத்தில் காவலுக்கு இருந்தது, இடது கண் பார்வை இல்லை. தத்தெடுக்க யாராவது வருவார்களா என்று கேட்டதற்கு ஒருங்கிணைப்பாளர் பதில் சொல்லாமல், அதற்குப் பல் குறைவு, உணவை ஊறவைத்துக் கொடுங்கள் என்றார். பாட்டி கஞ்சி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். உப்புப் போடக்கூடாது என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன். தம்பி மின்விசிறியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறான்.